அப்துல் ஹலீம் வீட்டில் இருக்கிறார்

"ஏழு தடவை பெல் அடிச்சாருங்க. நான் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்" என்றார், எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வெள்ளையம்மாள்.

அப்துல் ஹலீம் அப்போதுதான் தொட்டியத்திலிருந்து வந்து இறங்கியிருந்தார். ஆட்டோ இன்னும் திரும்பவில்லை. தோளில் இருந்த வாழைத்தாரைக்கூட இறக்கவில்லை.

"யாரு?"

"முகம் தெரியலை. மேலேருந்து பார்த்தா முதுகுதானே தெரியும்? நல்ல நெட்டை. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கையில கல்யாணப் பத்திரிகை அடுக்கின பை. அவரு ஒவ்வொரு தடவை அடிக்கிறப்பவும் உங்க குரல் உள்ளேருந்து வெரட்டுச்சு. கடைசில தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போயிட்டாரு."

கதவைத் திறக்கப்போன அவர் மனைவி சாரா பீவியின் கை சாவியோடு நின்றுவிட்டது.

"எங்க அண்ணன்" என்றார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

தென்னூரில் எங்கள் தெருவுக்கே தெரிந்த கதைதான் இது. தெரியாதவர்களுக்கு வெள்ளையம்மாள் சொல்லிவிடுவார். சாரா பீவியின் அண்ணன் கலீம், பாலக்கரையில் மெத்தைக் கடை வைத்திருப்பவர். ஆறு வருடமாகத் தங்கை வீட்டோடு பேச்சு வார்த்தை இல்லை. காரணம் ஒரு டார்ச் லைட். ஹலீம் தம்மாமிலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பியபோது, பெட்டியைப் பிரித்துச் சாமான்களைப் பங்கு போட்டார். ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவந்த கார் டிரைவருக்கு ஒரு டார்ச் லைட். மச்சானுக்கும் அதே டார்ச் லைட். நிறம்கூட மாறவில்லை. கலீம் அதை மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போனவர்தான்.

இப்போது கலீமின் மகளுக்குக் கல்யாணம். வருகிற ஞாயிற்றுக்கிழமை. அந்தக் குடும்பத்து வழக்கப்படி, பெண்ணைப் பெற்றவர் நேரில் வந்து பத்திரிகையைக் கையில் கொடுக்காவிட்டால், கூடப் பிறந்தவளே ஆனாலும் மண்டபத்துப் படி மிதிக்க மாட்டாள். பத்து நாளாக வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்த சாரா பீவி, ஹலீமின் தங்கை பேரனுக்குப் பெயர் வைக்கிறார்கள் என்று இரண்டே இரண்டு நாள் தொட்டியம் போனார். அந்த இரண்டு நாளில் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, பத்திரிகைப் பை வந்துவிட்டுப் போயிருக்கிறது.

"நாங்க ஊர்ல இல்லைன்னு நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே வெள்ளையம்மாக்கா?" என்றார் சாரா பீவி.

"எப்படிச் சொல்றது? யார் கேட்டாலும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு உங்க வீட்டுக்காரர்தானே கமிட்டில சட்டம் போட்டாரு? எவ்வளவு கஷ்டப்பட்டு அடக்கிக்கிட்டு நின்னேன் தெரியுமா?"

அது உண்மை. வெள்ளையம்மாள் வாழ்நாளில் தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம், போன மாதம் போலீஸ் நடத்திய பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டம். இன்ஸ்பெக்டர் வந்து நல்ல விஷயங்களாகச் சொன்னார். "ஊருக்குப் போறப்ப ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. போற இடத்தையெல்லாம் ஸ்டேட்டஸ்ல போடாதீங்க. வீடு பூட்டிக் கிடக்குன்னு வெளியே தெரியக் கூடாது." தெரு முழுக்கக் கேட்டது, காபியைக் குடித்தது, கலைந்தது. ஹலீம் மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இருபத்திரண்டு வருடம் தம்மாமில் கிடங்குப் பொறுப்பாளராக இருந்தவர். "ஒரு பெட்டி காணாமப் போனதில்லை" என்பதைக் காலையில் பால் வாங்கும்போது ஒருமுறை, மாலையில் டீ குடிக்கும்போது ஒருமுறை சொல்வார். அன்றே தெருப் பாதுகாப்புக் கமிட்டி உருவானது. தலைவர், பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஓய்வு பெற்ற இன்னாசிராஜ். செயலாளர் ஹலீம். விசில், அடையாள அட்டை எல்லாம் செயலாளரின் சொந்த ஏற்பாடு.

தொட்டியம் பயணம் அவருக்கு ஒரு பரீட்சை. வெளியே தொங்கும் பூட்டைக் கழற்றிவிட்டுக் கதவோடு பதிந்த பூட்டு போட்டார். வாசலில் மூன்று ஜோடி செருப்பு. சாயங்காலம் தானாக எரியும் விளக்கு. கடைசியாகக் குரல். கல்லூரியில் படிக்கும் மகள் மெஹ்ரீன், பழைய போனை அழைப்பு மணியோடு இணைத்துக் கொடுத்தாள். யார் மணி அடித்தாலும் ஹலீம் உள்ளிருந்து பேசுவார்.

முதலில் பதிவு செய்தது, "யாருங்க? இப்ப கொஞ்சம் வேலையா இருக்கேன், அப்புறம் வாங்களேன்" என்று இருந்தது.

"திருடனுக்கு எதுக்கு அத்தா இவ்வளவு மரியாதை?" என்றாள் மெஹ்ரீன்.

நியாயமாகப் பட்டது. பதினோராவது பதிவு ஹலீமுக்கே பெருமையாக இருந்தது. ஒரு கனைப்பு. பிறகு, "யார்ரா அது? உனக்கெல்லாம் கதவு தொறக்க எனக்கு நேரமில்லை. கெளம்பு!"

இதைத்தான் கலீம் ஏழு தடவை கேட்டிருக்கிறார்.

"கல்யாணத்துக்கு நான் போகணும்" என்றார் சாரா பீவி, வாசற்படியிலிருந்து எழுந்திருக்காமல். "எங்க அண்ணன் மறுபடி இந்தப் படி ஏறணும். என்ன செய்வீங்களோ தெரியாது."

"இதெல்லாம் ஒரு பிரச்சினையா? தம்மாம்ல நான் பார்க்காததா?" என்று ஹலீம் போனை எடுத்தார்.

கலீம் போனை எடுக்கவில்லை. நான்கு முறை அடித்தும் எடுக்கவில்லை. சரி, ஆதாரத்தோடு விளக்கிவிடலாம் என்று அந்தக் குரல் பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதற்குக் கீழே, 'இது மெஷின் பேசியது மச்சான், நான் இல்லை' என்று எழுத வேண்டும். 'மெஷின்' என்பதைத் தமிழில் அடிக்கத் தேடிக்கொண்டிருந்தபோதே இரண்டு நீலக் கோடு விழுந்தது.

ஆறு வருடத்துக்குப் பிறகு தங்கை புருஷனிடமிருந்து கலீமுக்கு வந்த முதல் சேதி: "யார்ரா அது? உனக்கெல்லாம் கதவு தொறக்க எனக்கு நேரமில்லை. கெளம்பு!"

கலீமின் புகைப்படம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் வட்டம் வந்தது.

"அத்தா, மாமா உங்களை பிளாக் பண்ணிட்டாங்க" என்றாள் மெஹ்ரீன்.

"நெட்வொர்க் சரியில்லைம்மா."

சாரா பீவி வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் வியாழக்கிழமை காலை, இன்னாசிராஜ் தாமாகவே முன்வந்தார். "இதுல கமிட்டியோட கௌரவமும் இருக்கு ஹலீம் பாய். தலைவர்ங்கிற முறையில நான் பேசிட்டு வரேன். ஒர்க்ஷாப்ல எத்தனை பஞ்சாயத்து பண்ணினவன் நான்!"

அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, போலீஸ் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் பத்துப் பிரதியையும் எடுத்துக்கொண்டு பாலக்கரைக்குப் போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டார். முகத்தில் வெற்றிக் களை.

"தெளிவா எடுத்துச் சொல்லிட்டேன். 'உங்களைப் பார்த்ததும் சந்தேகத்துக்கு இடமான நபர்னு மெஷினுக்குத் தோணியிருக்கும், அதுமேல தப்பில்லை. இனிமே தென்னூர்ப் பக்கம் வந்தா ஆதார் கார்டைக் கையில வெச்சுக்குங்க'ன்னேன்."

ஹலீம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு என்ன சொன்னாரு?"

"என்னமோ சொல்ல வாயெடுத்தாரு. நான் விடலையே! பிரசுரத்துல 'அறிமுகமில்லாதவர்களிடம் எச்சரிக்கை'ங்கிற வரியை அடிக்கோடு போட்டுக் கையில கொடுத்துட்டேன். கடைசில மெத்தை அளக்குற கோலைத் தூக்கினாரு. அளக்கப் போறாரு போலன்னு வந்துட்டேன்."

விஷயம் தெருவில் பரவியது. மெஷின் பேசியது தெருவுக்குக் கெட்ட பெயர் என்று ஒரு கட்சி. மெஷின் பேசியதால்தான் தெருவுக்கே பெயர் என்று இன்னொரு கட்சி. ஆறு வீட்டுக்காரர்கள் தங்களுக்கும் அதே மாதிரி வேண்டும் என்று மெஹ்ரீனிடம் சொல்லிவைத்தார்கள். வெள்ளையம்மாள் மட்டும் தன் குரலைப் பதிவு செய்ய மறுத்துவிட்டார். "நானே எப்பவும் வாசல்லதானே நிக்கிறேன்? மெஷின் என்னத்துக்கு?"

உள்ளே சாரா பீவி, கல்யாணத்துக்கென்று எடுத்துவைத்திருந்த புடவையை மடித்து பீரோவில் திரும்ப வைப்பதை ஹலீம் பார்த்தார். அழவில்லை. புடவையின் மடிப்பை மட்டும் இரண்டு முறை நீவினார். அதைப் பார்த்த பிறகுதான் ஹலீம் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"வா. நானே நேர்ல பேசறேன்."

கலீம் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. 'உட்கார்' என்றும் சொல்லவில்லை. அவர் மனைவி அடுப்படி வாசலில் நின்றார்.

"மச்சான்" என்று ஆரம்பித்தார் ஹலீம். "நீங்க செவ்வாய்க்கிழமை எங்க வீட்டுக்கு வந்தப்ப..."

பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது.

"சொல்லுங்க மாப்ளே. செவ்வாய்க்கிழமை நான் வந்தப்ப?"

"ஏழு தடவை பெல் அடிச்சீங்க."

"ஏழு தடவை."

"பதினோரு மணி வெயில்ல நின்னீங்க."

"வெயில்ல" என்றார் கலீம். குரல் கனத்திருந்தது. "தெருவே பார்த்துச்சு, இல்ல?"

"தெருவே பார்த்துச்சு மச்சான். உங்க இடத்துல நானா இருந்தா முதல் தடவையே திரும்பியிருப்பேன். நீங்க தங்கச்சிக்காக ஏழு தடவை அடிச்சிருக்கீங்க. அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது. உங்களைப் போய் அந்த மெஷின் வாடா போடான்னு பேசிடுச்சு. பேசினது என் குரல்தான். அதனால தப்பு என்னோடது."

கலீமின் மனைவி முக்காட்டுத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அழுகிறார் என்று சாரா பீவி நினைத்துக்கொண்டார்.

"அவ்வளவுதானா?" என்றார் கலீம்.

ஹலீம் மனைவியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் ஒரு பெட்டியைத் தொலைக்காத மனிதருக்கு அந்த ஒரு வாக்கியத்தைத் தேடி எடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

"அந்த டார்ச் லைட்டும் தப்புதான் மச்சான். டிரைவருக்குக் கொடுத்ததையே உங்களுக்கும் கொடுத்திருக்கக் கூடாது. அன்னிக்கே தெரியும். ஒத்துக்க மனசு வரலை."

கலீம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"சாரா, நீ இளைச்சுப் போயிட்டே" என்றார். அப்புறம் உள்பக்கம் திரும்பி, "டீ போடும்மா. மாப்ளைக்குச் சர்க்கரை கம்மியா."

புறப்படும்போது வாசல்வரை வந்தார். "நாளைக்கு ஜும்மா தொழுகை முடிஞ்சு பத்திரிகையோட வர்றேன். ஆனா ஒண்ணு. இந்தத் தடவை பெல் அடிக்க மாட்டேன்."

"அடிக்கவே வேணாம் மச்சான். கதவை விடியற்காலையிலேயே தொறந்து வெச்சிடறேன்!"

சொன்னபடியே செய்தார். வெள்ளிக்கிழமை முழுக்க, தெருப் பாதுகாப்புக் கமிட்டிச் செயலாளர் வீட்டுக் கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்து கிடந்தது. போலீஸ் சொன்ன அறிவுரை ஒன்று பாக்கியில்லாமல் அன்று மீறப்பட்டது. மெஷினைக் கழற்றி அலமாரியில் பூட்டினார்கள். இன்னாசிராஜ் வாசலில் நாற்காலி போட்டு, அடையாள அட்டையோடு உட்கார்ந்தார். வெள்ளையம்மாள் மாடியை விட்டுக் கீழேயே இறங்கி வந்துவிட்டார். இந்த முறை முதுகோடு விட்டுவிடுவதாக இல்லை.

இரண்டரை மணிக்குக் கலீம் மனைவியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். நெட்டை உருவம். வெள்ளைச் சட்டை. கையில் பை.

"அதே ஆளுதான்! எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார் வெள்ளையம்மாள்.

சாரா பீவி பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கினார். பிரித்துப் படிக்கவில்லை. நெஞ்சோடு வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார். ஆறு வருடத்துப் பாக்கியெல்லாம் அந்தப் பார்வையிலேயே தெருவுக்குத் தெரிவிக்கப்பட்டது.

ஹலீம் மச்சானின் தோளில் கை போட்டுக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "பார்த்துக்குங்க, இவர்தான் எங்க மச்சான். கேட்கக் கூடாத வார்த்தையை ஏழு தடவை கேட்டுட்டு, இன்னிக்கு எதுவும் நடக்காத மாதிரி மறுபடியும் வந்திருக்காரு. இந்த மனசு யாருக்கு வரும்?"

"யாருக்கும் வராது" என்றார் இன்னாசிராஜ், மெத்தைக் கோலை மறந்து.

"சொந்தம்னா நாலும் இருக்கும்ங்க. நாமதான் பொறுத்துப் போகணும்" என்றார் கலீம், பார்வையைத் தாழ்த்தி. தெருவே நெகிழ்ந்துவிட்டது. வெள்ளையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கலீமின் மனைவிக்கு மட்டும் மறுபடியும் முக்காடு வாய்க்குப் போனது.

அந்த நேரத்தில்தான் போலீஸ்காரர் நல்லதம்பி பைக்கை நிறுத்திவிட்டு வந்தார். எங்கள் பகுதிக்கு ரோந்து வருபவர். முகமெல்லாம் சிரிப்பு.

"ஹலீம் சார், கையைக் கொடுங்க! இன்ஸ்பெக்டர் உங்களை நேர்ல பாராட்டிட்டு வரச் சொன்னாரு. உங்க தெருவை எல்லாக் கூட்டத்துலயும் உதாரணமா சொல்லப் போறாராம்."

ஹலீமின் மார்பு விரிந்தது. விசில் தானாகவே சட்டைக்கு வெளியே வந்தது. "தம்மாம்ல ஒரு பெட்டி..." என்று ஆரம்பித்தவரை நல்லதம்பி கையமர்த்தினார். போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். ஸ்டேஷன் பெஞ்சில், வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக ஒரு நெட்டை மனிதன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி வந்து பூட்டின வீட்டைத் தொறக்கிறவன் சார், செவ்வாய்க்கிழமை உங்க வீட்டு பெல்லை ஏழு தடவை அடிச்சவன் இவன்தான், உங்க குரலைக் கேட்டுட்டுத்தான் பயந்து ஓடினானாம்!"