சுடரோட்டமும் ஒரு வாளி மணலும்

ஒரு பெண்ணின் வேலை போனதற்கு நான்தான் காரணம். அவர் செய்த குற்றம், என் கையில் எரிந்துகொண்டிருந்த தீயை அணைத்தது. அந்தத் தீயோடு நான் நின்ற ஊர் எம். புதுப்பட்டி. சுற்றிலும் பட்டாசு ஆலைகள். இதில் யார் முட்டாள் என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் ஆயுள் முழுக்கக் கல்லூரியில் வரலாறு நடத்தியவனுக்கு, விளக்காமல் விட்டால் தூக்கம் வராது.

நம் நாட்டில் ஒரு சர்வதேச விளையாட்டுப் போட்டி நடந்தது. (எது என்று சொல்லமாட்டேன். அமைப்பாளர்கள் இப்போதுதான் என்னை மறந்திருக்கிறார்கள்.) அதையொட்டி ஒரு சுடர் மாவட்டம் மாவட்டமாக வந்தது. விருதுநகரைத் தொட்டுவிட்டு மதுரைக்குப் போகவேண்டிய அதை, மனு மேல் மனு கொடுத்து, சிவகாசிக்கும் அங்கிருந்து எம். புதுப்பட்டிக்கும் திருப்பியவன் நான். வரவேற்புக் குழுவின் தலைவர் நான். கடைசித் தூரம் சுடரை ஏந்தி ஓட ஒருமனதாகத் தேர்வானவரும் நானே. (அன்று கூட்டத்துக்கு வந்தது இரண்டு பேர். இன்னொருவர் என் மைத்துனர்.)

ஊருக்குத்தான் ஒருமனம் இல்லை. டீக்கடையில் தினமும் பட்டிமன்றம். அச்சகம் வைத்திருக்கும் என் மைத்துனர் தங்கவேல் ஒரு நாள் ஆரம்பித்தார்.

"அத்தான், தொடக்க விழாவுக்கு வாணவேடிக்கை ஆர்டர் பூரா நம்ம ஊருக்குத்தான்."

"எங்கிட்டு ஆர்டரு?" என்றார் டீ ஆற்றியவர். "இந்தத் தடவ வெடியே கிடையாதாம். ஆகாசத்துல லைட்டப் பறக்க விடுதாகளாம்."

"அப்ப நமக்கு என்னதாம்லே கிடைக்கும்?" என்றார் தங்கவேல்.

"வேடிக்க."

பக்கத்தில் கம்பெனி வேனுக்காக நின்றிருந்த சண்முகத்தாய் சிரித்தார். பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர். அங்கே தீயணைப்புப் பயிற்சி பெற்ற பெண்களுக்குத் தலைவி. குரலும் அந்தப் பதவிக்கு ஏற்றது.

"சார், அன்னைக்கு ரோட்ட அடைக்கப் போறீகளாமே? எங்க வேன் எப்படிப் போகும்?"

"ஒரு நாள்தானே அம்மா. நாட்டுக்குப் பெருமை."

"பெருமைய உலையில போட்டா வேகுமா? இது சீசன் நேரம். வேலைக்குப் போனாத்தான் எங்களுக்குக் கூலி."

நான் விடவில்லை. பண்டைய கிரேக்கத்தில் தொடங்கி, சுடரின் பெருமையைப் பொழிந்து தள்ளினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்த ஊர்ல பட்டாசு ஆபீசு உண்டா சார்?"

(எங்கள் பக்கத்தில் ஆலையை ஆபீஸ் என்போம். அந்தக் கேள்விக்கு எந்த வரலாற்று நூலிலும் பதில் இல்லை.)

சுடரோட்டத்துக்குத் தீயணைப்புத் துறை போட்ட நிபந்தனைகள் இரண்டு. சுடர் ஊர் முகப்பில் உள்ள பஸ் நிறுத்தத்தைத் தாண்டக் கூடாது. வழிநெடுக மணல் வாளிகளும் ஈரச்சாக்குகளும் வைக்கவேண்டும். வாளிகளை எங்கள் குழுதான் நிரப்பியது. சிக்கனமாக, கட்டட வேலையில் மிஞ்சிய சரளை மணல்.

சுடர் வந்த அன்று வெள்ளை உடையில், மூச்சைப் பிடித்துத் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு, நான் ஓடி வந்தேன். பஸ் நிறுத்தத்தில் கைதட்ட அதிகாரிகளும் தங்கவேலும் மட்டும் இருந்தார்கள். கேமராக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சற்றுத் தள்ளி, சாலை அடைபட்டதால் நின்றுபோன கம்பெனி வேன்கள். பெண்கள் இறங்கி வேப்பமர நிழலில் நின்றார்கள். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. மக்கள் சுடரிடம் வராவிட்டால் சுடர் மக்களிடம் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

"சார், அதுக்கு மேல போகாதீக!" என்று தீயணைப்பு வீரர் கத்தினார். வாழ்த்துகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெண்கள் தினமும் ஆலை வாசலில் சோதனைக்கு நின்று உள்ளே போகிறவர்கள். மடியில் தீப்பெட்டி இருந்தால் அன்றோடு வேலை போச்சு. தீயைக் கண்டால் முதலில் மணல், அப்புறம் ஈரச்சாக்கு, கடைசியில்தான் கேள்வி. அவர்களை நோக்கி, எரியும் பந்தத்தோடு ஒரு கிழவன் பல்லைக் காட்டிக்கொண்டு ஓடிவருகிறான்.

"ஏலே, தீ!"

அடுத்த நொடி ஒரு வாளி மணல் என் முகத்தில். சரளைக்கல் ஒன்று நெற்றியில் பட்டு முட்டையளவு வீங்கியது. யாரோ ஈரச்சாக்கால் என்னைச் சேர்த்தே மூடினார்கள். இருட்டுக்குள் சண்முகத்தாயின் குரல் கேட்டது: "பொறி எங்கனயாவது விழுந்துச்சா, பாருங்கடி!" சாக்கை விலக்கியவர், "ஐயையோ, சாரா!" என்றார்.

பல நாடுகளின் பெருமை புகைந்து அணைந்தது. சென்னையிலிருந்து வந்த அதிகாரி ஓடிவந்தார். "யார் இவங்க? ஏன் இப்படிச் செஞ்சாங்க?"

வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு நான் சொன்னேன்: "இவங்க ஆரம்பத்திலிருந்தே இந்தப் போட்டிக்கு எதிர்ப்பு."

நான் எல்லையைத் தாண்டியதைச் சொல்லவில்லை. சண்முகத்தாய் என்னையே பார்த்தார். மறுநாள் கம்பெனிக்கு எங்கிருந்தோ போன் வந்தது. வம்பு வேண்டாம் என்று அவரை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள்.

வீட்டில் மனைவி நெற்றிக்குப் பற்றுப் போட்டபடி கேட்டாள்: "நீங்க தாண்டி ஓடுனதச் சொன்னீகளா?"

"அவர் கேட்கலையே."

பற்றை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். உயிர் போய் வந்தது.

சில நாள் தாக்குப்பிடித்தேன். பிறகு பழக்கூடையோடு சண்முகத்தாய் வீட்டுக்குப் போனேன். அவர் கூடையை வாங்கி உள்ளே வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"பழம் இருக்கட்டும் சார். எம் மக கேக்குறா, நீ தேசத் துரோகியாம்மான்னு. அங்கன அம்புட்டுப் பேரு முன்னாடி சொன்னீகள்ல? நெசத்தையும் அம்புட்டுப் பேரு முன்னாடியே சொல்லுங்க."

தோதாக ஒரு மேடை வந்தது. சுடரை ஊருக்குக் கொண்டுவந்ததற்காக எனக்கே பாராட்டு விழா. ஆலை மேலாளர் முன்வரிசையில் இருந்தார். பொன்னாடையோடு மைக்கைப் பிடித்தேன்.

"எல்லையைத் தாண்டியது நான். அந்தம்மா தீயை அணைத்தார். நான் உண்மையை அணைத்தேன். விழாவுக்கு எதிராகப் பேச அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்காக அவர் என்மேல் மணலைக் கொட்டவில்லை. அங்கே ஊரைக் காப்பாற்றியவர் அவர்தான்."

தங்கவேல் என் சட்டையை இழுத்த இழுப்பில் இரண்டு பொத்தான் போயிற்று. மேலாளர் நெளிந்து எழுந்தார். "அந்தம்மா நாளைக்கே வேலைக்கு வரட்டும்."

"வாரேன்," என்று பின்வரிசையிலிருந்து சண்முகத்தாயின் குரல். "ஆனா ஒரு கண்டிசன். வருசா வருசம் எங்களுக்குப் பயிற்சி குடுக்கையில கம்பத்துல தீய வச்சு அணைக்கச் சொல்லுதாக. கம்பம் நட்ட இடத்துலயே நிக்கும். நெசத்துல தீயோட எவனாவது ஓடியில்ல வாரான்? இனிமே சாரு ஓடி வரட்டும்."

அரங்கம் கைதட்டியது. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த உண்மையிலேயே ஒருமனதான தீர்மானம் அது ஒன்றுதான்.

அன்று முதல் ஆண்டுதோறும் ஆலைகளுக்கு வெகு தூரத்தில், ஊருக்கு வெளியே உள்ள பொட்டலில், பந்தத்தோடு ஓடுகிறேன். சண்முகத்தாயின் குறி இதுவரை தப்பியதில்லை. வீட்டில் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் என்றால் கேக், மெழுகுவர்த்தி, எனக்கு நேராக மனைவி கையில் ஒரு செம்புத் தண்ணீர்.

இன்னும் பெரிய போட்டி ஒன்று நம் நாட்டுக்கு வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. வரட்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ரோட்டை அடைக்குமுன் வேனில் போகிறவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றும் சொல்வேன். போன வாரம் டீக்கடையில் சண்முகத்தாய் பிடித்துக்கொண்டார்.

"பெரிய விளையாட்டு வருதாம்ல சார்? தைரியமா ஓடி வாங்க. இந்தத் தடவ மணலச் சலிச்சு வைக்கேன்."