காசியும் டைபாய்டும் ஒரே அறையில்

மற்றவர்களைப் பேசவைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். அப்படிப்பட்ட நான் நடத்திய முதல் குழு சிகிச்சையில் பாதி நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் கதவைத் திறந்துகொண்டு ஓடப் பார்த்தார். இரண்டுக்கும் முழுக் காரணம் நான்தான்.

(பெயர், துறை, வியாதி எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்ட இருவரும் இதைப் படித்துச் சம்மதம் தந்துவிட்டார்கள். அதில் ஒருவர் பச்சை மையில் நாலு கமாவும் திருத்தினார்.)

டெல்லி கரோல் பாகில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடி. அங்கே இயங்கிய சிறிய குடிமீட்பு மையத்தில் நான் புதிய மனநல ஆலோசகன். தலைமை மருத்துவர் அரோரா மேடத்துக்கு ஒரு குறை: தமிழர்கள் இந்திக் குழுவில் வந்து உட்கார்ந்தால் எதைக் கேட்டாலும் "டீக் ஹை, அச்சா ஹை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்களாம். "துக்கத்தைச் சொந்த பாஷையில்தான் சொல்ல வரும். நீ ஒரு தமிழ்க் குழு ஆரம்பி முரளி" என்றார். தலைப்பும் அவரே கொடுத்தார்: மனச்சோர்வும் குடியும் எப்படி ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன.

நான் சும்மா இருப்பேனா? பதினாலு ஸ்லைடு தயாரித்தேன். சேர்க்கைப் படிவம் ஒன்றும் அடித்தேன். தூக்கம், பசி, எந்தக் கிழமையில் அதிகம் குடிப்பார், ரத்த வகை என்ன என்று சகலத்தையும் கேட்டேன். எந்த ஆபீஸ் என்பதை மட்டும் கேட்கவில்லை. டெல்லி எவ்வளவு பெரிய ஊர்! (ஊர் பெரியதுதான். ஆனால் அதில் அரசாங்க வேலை பார்க்கும் தமிழர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் அடக்கிவிடலாம் என்ற அறிவு அப்போது எனக்கு இல்லை.)

சனிக்கிழமை காலை பத்து மணி. வட்டமாக நாற்காலிகள். கிட்வாய் நகரிலிருந்து தங்கராசு முதலில் வந்தார். மதுரைப் பக்கம், அமைச்சகம் ஒன்றில் அசிஸ்டென்ட். குடியை விட்டுப் பதினெட்டு நாள். "இங்க வர்றதுக்கு முந்தி நாலு தடவை விட்டுட்டேங்க. இதுதான் கடைசி. இதுலயும் தோத்தா, பிள்ளைங்களைக் கூட்டிட்டு ஊருக்குப் போறேன்னு வீட்ல சொல்லிட்டாங்க" என்று முன்தினம்தான் என்னிடம் சொல்லியிருந்தார். பிறகு ஓய்வுபெற்ற ஹவில்தார் பீட்டர் வந்தார். இன்னும் மூன்று பேர் வந்தார்கள். கடைசியாக, இஸ்திரி கலையாத சட்டையோடு சரோஜினி நகர் சுந்தரேசன் உள்ளே வந்தார்.

தங்கராசு ஸ்பிரிங் வைத்த மாதிரி எழுந்து நின்றார்.

"ஓ! உங்க ரெண்டு பேருக்கும் ஏற்கெனவே பழக்கமா? ரொம்ப நல்லதாப் போச்சு!" என்றேன் நான். (இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறேன்.)

"சார்... காசி?" என்றார் தங்கராசு.

"நீங்க... டைபாய்டு?" என்றார் சுந்தரேசன்.

விஷயம் இதுதான். சுந்தரேசன் தங்கராசுவின் மேலதிகாரி. பத்தொன்பது வருடமாக ஒரே பிரிவு. தங்கராசு டைபாய்டு என்று எழுதிக் கொடுத்த லீவுக்குக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். அவரோ காசி யாத்திரை போவதாகச் சொல்லி லீவு எடுத்திருந்தார்.

"ஆபீஸ்ல ஆளாளுக்குக் கங்கை ஜலம் கேட்டிருக்கோமே சார்" என்று முனகினார் தங்கராசு.

"அரே, காசியும் டைபாய்டும் மொதல்ல உக்காருங்கய்யா. டீ ஆறுது" என்றார் பீட்டர்.

தங்கராசு உட்காரவில்லை. அந்த மனிதர் முன்னால் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமே இல்லையாம்.

இந்த இடத்தில் அனுபவமுள்ள ஆலோசகர் என்ன செய்வார்? இருவரையும் தனித்தனியே கூப்பிட்டுப் பேசுவார். நான் ஸ்லைடு போட்டேன். முதல் ஸ்லைடில் குழுவின் விதி இருந்தது. "இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது!" என்று கணீரென்று படித்தேன்.

"எதுக்குத் தாண்டணும் தம்பி?" என்றார் தங்கராசு. "தாண்டிப் போய்ச் சேர வேண்டிய ஆளே இங்கதான் உக்காந்திருக்கார். வருஷா வருஷம் என்னைப் பத்தி ரிப்போர்ட் எழுதுறவரு."

யாரும் பேசவில்லை. மௌனம் வந்தால் அதைக் கெடுக்காதே என்று அரோரா மேடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் ஒன்பதாவது ஸ்லைடு வரை மூச்சு விடாமல் பேசினேன். வட்டம் வரைந்தேன், அம்புக்குறி போட்டேன், மூளையின் படத்தைத் தலைகீழாகக் காட்டினேன். திரும்பிப் பார்த்தால் தங்கராசு கையில் பையோடு கதவருகே நிற்கிறார்.

படி இறங்கினால் நாற்பதடியில் சாராயக் கடை. ரிமோட்டைக் கரடி பொம்மைபோல் கட்டிக்கொண்டு நான் நிற்கிறேன். பதினெட்டு நாளும் என் கண் முன்னால் படியிறங்கப் போகிறது.

"தங்கராசு," என்றார் சுந்தரேசன். "நான் சொல்லிடறேன். அப்புறம் போங்க."

கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார். "ஆறு மணிக்கு நீங்கள்லாம் கிளம்பிடுவேள். நான் எட்டு வரைக்கும் ஃபைல் பாக்கற மாதிரி உக்காந்திருப்பேன். கண்டிப்பான ஆபீசர்னு பேர். அதெல்லாம் இல்லை. வீட்டுக்குப் போகப் பயம். அவ கனடால பேரனைப் பாத்துண்டு இருக்கா. வீட்ல ஃப்ரிட்ஜ் சத்தம் மட்டும்தான். குடிச்சா ராத்திரி கொஞ்சம் லேசா இருக்கும். காலைல முந்தின நாளைவிடக் கனமா இருக்கும். அதை இறக்கி வைக்க மறுபடியும் குடிக்கணும்."

என் பதினாலு ஸ்லைடும் அதில் அடங்கிவிட்டது.

"ஆமா சார். எனக்கும் அதேதான் சார்" என்றார் தங்கராசு, கதவருகே நின்றபடியே.

அந்த 'ஆமா சார்' எனக்கு உறுத்தியது. "நிஜமாவே அதேதானா, இல்ல சார் சொன்னதாலயா?" என்று கேட்டேன். (அன்றைக்கு நான் உருப்படியாகக் கேட்ட ஒரே கேள்வி.)

அவர் பையைக் கை மாற்றிக்கொண்டார். "இல்ல சார்" என்றார், என்னைப் பார்த்தல்ல, சுந்தரேசனைப் பார்த்து. "எனக்கு அப்படி இல்ல. சாயந்தரம் நல்லாத்தான் இருப்பேன். காலையிலதான் எந்திரிக்கவே மனசு வராது. குடிக்க ஆரம்பிக்கறதுக்கு முந்தியே அப்படித்தான். வீட்ல சோம்பேறின்னாங்க. லேட்டா வந்தேன்னு நீங்க மெமோ குடுத்தீங்க."

"குடுத்தேன்" என்றார் சுந்தரேசன்.

"எதுக்குலே லேட்டுன்னு கேக்கலியா?" இது பீட்டர்.

"கேக்கலை. கேட்டிருக்கணும்."

இந்தத் தடவை மௌனத்தை நான் கெடுக்கவில்லை. பயிற்சியெல்லாம் காரணமில்லை, நாக்கு வறண்டு போயிருந்தது. தங்கராசு பையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். சுந்தரேசனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அரோரா மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "கடவுள் உன்னைக் காப்பாற்றினார் முரளி. நீ காப்பாற்றவில்லை." தங்கராசுவின் மனச்சோர்வுக்குத் தனியாக மருந்தும் சிகிச்சையும் ஆரம்பித்தார். வேறு வேறு கிழமையில் வரலாமே என்று இருவரிடமும் சொல்லிப் பார்த்தார். தங்கராசு மறுத்துவிட்டார். "சார்கிட்ட பேச இன்னும் ரெண்டு மெமோ பாக்கி இருக்கு மேடம்."

நடுவில் ஒருமுறை சறுக்கினார். மறுநாளே வந்து குழுவில் சொன்னார். இப்போதும் வருகிறார். அவர் மனைவி ஊருக்குப் போகவில்லை.

எனக்குத்தான் வியாதி ஒட்டிக்கொண்டது. "உங்கள் லீவை யார் சேங்ஷன் செய்கிறார்?" என்ற கேள்வியைப் படிவத்தில் முதல் வரியாகப் போட்டேன். பிறகு யாரைப் புதிதாகப் பார்த்தாலும் வாயில் அதுவே வந்தது. என் மைத்துனியைப் பெண் பார்க்க வந்த குருகிராம் பையனிடமும், கேசரியை நீட்டிக்கொண்டே கேட்டுத் தொலைத்தேன்.

என் மாமியார் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் வடிக்க இயலாது.

பையன் கேசரியை வாங்கிக்கொண்டான். பெண்ணை ஓரக்கண்ணால் பார்த்தான். "இதுவரைக்கும் மேனேஜர். இனிமே இவங்க" என்றான்.

அன்றைக்கே நிச்சயம் செய்தார்கள். அவன் எங்கே கிளம்பினாலும் குடும்பமே "சேங்ஷன் ஆச்சா?" என்று கேட்டுச் சிரிக்கிறது. நான் நடத்திய சிகிச்சைகளில் ஒரே நாளில் முழுப் பலன் தந்தது இது ஒன்றுதான் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.