மறையாத சூரியனும் அர்மாஸும்

இந்தக் கோடையில் ஒரு விரிப்பைக்கூடத் தொடுவதில்லை என்று அர்மாஸ் தீர்மானித்தார்.

ஜூன் பிறந்தால் வடதுருவத்தை ஒட்டிய இனாரி ஏரிக்கரை முழுக்கத் தரைவிரிப்பும் சோப்பு நுரையும்தான். நனைந்த விரிப்பு ஒன்று ஒரு கலைமான் கனம் கனக்கும். தேய்ப்பது மனைவி ஹெல்வி, தூக்குவது அவர் முதுகு.

அவரிடம் பழைய ரேடியோ ஒன்று இருந்தது. தோட்டத்தில் இரண்டு கம்பம் நட்டுக் கம்பி இழுத்திருந்தார். சூரியனில் புயல் பொங்கினால் அந்தக் கம்பி வழியே ரேடியோ இரையும். அவர் குறித்துக்கொள்வார்.

"ஹெல்வி, இது சூரியன் கொந்தளிக்கிற வருஷம். எந்த நிமிஷமும் இரையும். அது வானத்துல இருக்கிற வரைக்கும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது."

"நம்ம ஊர்ல இப்ப ராத்திரியும் வெயிலாச்சே. எப்பங்க மறையும்?"

"ஜூலை கடைசியில."

"நடுவுல எழுந்திருக்கவே மாட்டீங்களா?"

"அறிவியல்மா. விளையாட்டா?"

ஹெல்வி சண்டை போடவில்லை. அதிலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

விரிப்புகளை அவளே தூக்கினாள், அவளே தேய்த்தாள். சூரியன் ஒருமுறை இரைந்தது, எழுதினார். அடுத்த இரைச்சலையும் எழுதப் போனார். அது அவருடைய குறட்டை என்று ஹெல்வி சொன்னாள்.

மறுவாரம் பக்கத்து வீட்டு நீலாஸ் படகோடு வந்தான். தீவுகளுக்கு அப்பால் மூன்று நாள் மீன்பிடிப்பு. வருஷமெல்லாம் அர்மாஸ் கனவு கண்ட பயணம். படகில் இருவருக்குத்தான் இடம்.

"அண்ணே, கிளம்பலாமா?"

அர்மாஸ் ஒரு காலில் பூட்ஸ் மாட்டிவிட்டார்.

"அவர் எங்க வருவாரு நீலாஸ்?" என்றாள் ஹெல்வி. "மேல பாரு, சூரியன் இருக்கே!"

"இன்னைக்கு அது அமைதியாத்தான் இருக்கும்."

"எந்த நிமிஷமும் இரையும்னீங்க?"

"மூணு நாள் விட்டா ஒண்ணும் ஆகாதும்மா..."

"அப்ப விரிப்பு தூக்க வந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. அப்படித்தானே?"

நீலாஸ் ஏரியைப் பார்த்துச் சிரித்தான்.

ஆமாம் என்றால் சாயம் வெளுத்துவிடும். இல்லை என்றால் படகு போய்விடும். அர்மாஸுக்கு மானம் பெரிது.

"அறிவியல்னா அறிவியல்தான்," என்றார்.

ஹெல்வி அவருடைய தூண்டிலை எடுத்துக்கொண்டு படகில் ஏறினாள்.

"நீங்க இரைச்சலைப் பாத்துக்கோங்க. இரையை நான் போட்டுக்கறேன்."

மூன்று நாளும் சூரியன் வாயே திறக்கவில்லை.