காப்பித் தட்டும் மூன்று டிஷ்யூ பாக்கெட்டும்

எட்டு வருடம் மேடையில் காப்பித் தட்டு ஏந்தியவள் நான். மிகையில்லை. எங்கள் நாடகக் குழு எந்த நாடகம் போட்டாலும் அதில் ஒரு வேலைக்காரி வருவாள், தட்டை நீட்டி "காப்பி எடுத்துக்குங்க" என்பாள், உள்ளே போய்விடுவாள். அது நான்தான். (வீட்டில் ஒரு நாளாவது காப்பி போட்டிருக்கிறேனா என்பது அம்மாவின் நிரந்தரக் கேள்வி. இல்லைதான்.)

ஒன்பதாவது வருடம் கதாநாயகி வேஷம் கிடைத்தது. திறமையால் அல்ல, நடிக்க வேண்டியவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. இயக்குநர் மாறன் என்னைக் கூப்பிட்டு நேராகவே சொன்னார்: "ரெண்டே ஷோ. ஒழுங்கா வந்தா அடுத்த நாடகத்துலயும் நீதான் லீட். சொதப்புன, மறுபடியும் தட்டுதான்."

விதவை வேஷம். கணவன் இறந்த பதினாறாம் நாள் சொந்தக்காரர்கள் கூடி, அவள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டை என்ன செய்யலாம் என்று அவளைக் கேட்காமலே பேசுவார்கள். வேலைக்குப் போகும்போது ரயிலில் அழுது பழகினேன். ஒரு சீனப் பெண்மணி எழுந்து இடம் கொடுத்தார். நடிப்பு வந்துவிட்டது என்று தலைகால் புரியவில்லை எனக்கு.

வீட்டில் மட்டும் விஷயத்தைச் சொல்லவில்லை. அம்மா எனக்கு மும்முரமாக மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். சனிக்கிழமை மாலை முதல் ஷோ. ஞாயிறு காலை ஆங் மோ கியோ பேட்டையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். "என்ன வேஷம்டி?" என்று அம்மா கேட்டபோது, "குடும்பத் தலைவி மா" என்றேன். வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி என்று சொல்லியிருந்தால் எங்கள் பேட்டையான ஈசூனைத் தாண்டியிருக்க மாட்டேன்.

நாடகம் லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில். திரை கிடையாது, உயர்ந்த மேடையும் கிடையாது. நடுத்தரையில் நாங்கள் நடிப்போம், மூன்று பக்கமும் ஜனங்கள் உட்காருவார்கள். நாடகத்தில் வரும் கூடத்துக்கும் ஆறு நாற்காலி உண்டு. எல்லாமே ஒரே இடத்தில் வாடகைக்கு எடுத்த ஒரே மாதிரி நாற்காலிகள்.

அம்மா எங்கே போனாலும் ஒரு மணி நேரம் முன்னால் போகிறவர். சித்தியையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். 'முன் வரிசையில்' மூன்று நாற்காலிகளைப் பார்த்து ஆளுக்கொரு டிஷ்யூ பாக்கெட் வைத்தார். (எங்கள் ஊர் உணவங்காடிகளில் டிஷ்யூ பாக்கெட் இருக்கும் நாற்காலிக்கு ஆள் வந்துவிட்டது என்று அர்த்தம். அதை எடுத்துப் போடும் துணிச்சல் இங்கே யாருக்கும் இல்லை.) இடம் பிடித்தாயிற்று, இனி என்ன அவசரம் என்று மூவரும் தோசை சாப்பிடக் கீழே இறங்கிப் போனார்கள்.

மேடைச் சாமான்களுக்குப் பொறுப்பான பெண் பாக்கெட்டுகளைப் பார்த்தாள். சாவு வீடு, அழுவார்கள், இயக்குநர் வைத்திருப்பார் என்று விட்டுவிட்டாள். இயக்குநரோ, அவள் வைத்தது என்று நினைத்து, "நல்ல ஐடியா லா" என்று பாராட்டினாராம். ('லா' எங்கள் ஊர்ப் பேச்சின் வால்.)

விளக்கு அணைந்தது. அந்த இருட்டில் மூவரும் வந்து தங்கள் இடத்தில் உட்கார்ந்தார்கள். விளக்கு எரிந்தது. நான் வெள்ளைப் புடவையில், தரையைப் பார்த்தபடி, அடி மேல் அடி வைத்து வந்தேன். நிமிர்ந்தேன். எதிரே, நாடகக் கூடத்து நாற்காலியில் அம்மா.

"அடிப்பாவி! என்னடி கோலம் இது?"

அம்மா எழுந்து வந்தார். தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து என் நெற்றியில் வைத்து அழுத்தினார். "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல வராங்கடி!" என்று என் காதோடு சொன்னார். (அம்மாவின் ரகசியம் கடல் தாண்டி ஜொகூர் வரைக்கும் கேட்கும்.) பதினாறாம் நாளே மகளுக்கு மறுமணம் பேசும் தாயைக் கண்டு சபை மூச்சடக்கி உட்கார்ந்திருந்தது.

நான் ஏதாவது பேச வேண்டும். இரண்டு மாதம் மனப்பாடம் செய்த வசனத்தில் ஒரு வரியும் வரவில்லை. எட்டு வருடம் சொன்னது மட்டும் வந்தது.

"காப்பி எடுத்துக்குங்க."

அம்மா திகைத்துப் போனார். "நீ போட்டதா?"

கூடமே வெடித்துச் சிரித்தது. கைதட்டல் வேறு. அப்போதுதான் அம்மாவுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று புரிந்தது. வெளியே போக வெட்கப்பட்டு, அப்படியே போய் உட்கார்ந்துவிட்டார். சொந்தக்காரர்களாக நடித்தவர்களில் மூன்று பேர் கடைசிவரை நின்றுகொண்டே என் வீட்டைப் பங்கு போட்டார்கள். மாமா தூங்கிவிட்டார். சித்தி நிஜமாகவே அழுதார். மூன்றாம் காட்சியில் நான் அழுதபோது அம்மா ஒரு டிஷ்யூவை உருவி என்னிடம் நீட்டினார். நான் வாங்கி மூக்கைச் சிந்தினேன். வேறு என்ன செய்ய?

முடிந்ததும் இயக்குநர் வந்தார். தட்டு என் கைக்கே வந்துவிட்டதுபோல் இருந்தது.

"யாரு அவங்க?"

"எங்கம்மா, சார்."

அவர் தாடையைத் தடவினார். "நாளைக்கும் வருவாங்களா?"

"நாளைக்கு முடியாது லா தம்பி," என்றார் என் பின்னாலிருந்து அம்மா. "பொண்ணு பாக்க வராங்க."

மறுநாள் காலை காப்பித் தட்டோடு நான்தான் வந்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மாலையில் வேறொரு நடிகை தாயாக வந்து எனக்குப் பொட்டு வைத்தார். அடுத்த நாடகத்தில் நான்தான் லீட். அதன் பிறகு மேடையில் தட்டைத் தொட்டதே இல்லை.

வீட்டில் இன்றைக்கும் நான் காப்பியோடு கூடத்துக்கு வந்தால் மொத்தக் குடும்பமும் ஒரே குரலில் கேட்கும்: "நீ போட்டதா?" (இல்லை. ஆங் மோ கியோவிலிருந்து வந்தாரே, அவர் போட்டது.)

அம்மா என் நாடகம் ஒன்றையும் விடுவதில்லை. டிக்கெட்டில் எண் இருந்தாலும் நாற்காலியில் டிஷ்யூ பாக்கெட் வைத்துவிட்டுத்தான் ஒப்பனை அறைக்கு வருவார். "இன்னிக்கு என்ன வேஷம்?" என்பார். நான் இப்போதெல்லாம் பொய் சொல்வதில்லை. வெள்ளைப் புடவை என்றால் தன் நெற்றிப் பொட்டை எடுத்து என் உள்ளங்கையில் ஒட்டுவார். "யாருக்கும் தெரியாது லா. போய் நடி."

நான் கையை மூடிக்கொண்டு மேடைக்குப் போவேன்.