தளபதியிடம் யார் சொல்வது?

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். முதலில் என் கண்ணில் பட்டது ஒரு நூல் முனைதான். உங்கள் நலத்தையும் சித்தப்பாவின் மூட்டு வலியையும் பிறகு விசாரிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல், நகக்கண் அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. நீட்டிக்கொண்டிருந்த இடம், நம் நாட்டுக் கடற்படைத் தளபதியின் கால்சட்டையின் பின்புறம்.

நேற்று பெரியப்பா உங்களிடம் போனில் பேசியதைக் கேட்டுக்கொண்டுதான் பட்டன் தைத்தேன். "கை நல்லா ஓடுது, வாய்தான் ஓட மாட்டேங்குது. கடைக்கு வர்றவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசாத பொண்ணை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? இந்த மாசம் பாப்பேன், அப்புறம் பஸ் ஏத்தி விட்டுடுவேன்" என்றார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எனக்குப் பிடித்த ஒரே இடம் இந்தத் தையல் கடைதான் சித்தி. அதனால்தான் இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். நீங்கள் எனக்கு அங்கே வேறு வேலை தேட வேண்டாம்.

நாளைக்குக் கப்பல்களெல்லாம் வரிசையாக நின்று தளபதிக்கு மரியாதை செய்யப்போகின்றனவாம். அதற்கான புதுக் கோட்டைப் போட்டுப் பார்க்கக் காலையில் அவரே கடைக்கு வந்தார். தளபதி என்றால் முகம் கறுத்து, உப்புக் காற்று வாசனையோடு இருப்பார் என்று நினைத்திருந்தேன். இவர் மேல் தைல வாசனைதான் அடித்தது. அவர் கப்பல் ஓட்டுவாரா என்று நான் கேட்கவில்லை, என் முகம் கேட்டுவிட்டது போலிருக்கிறது. கூட வந்த உதவி அதிகாரி என் பக்கம் குனிந்து, "கப்பல் ஓட்டறதெல்லாம் அவருக்குக் கீழ இருக்கறவங்கம்மா. இவர் கூட்டத்துல உக்காருவார், அமைச்சர் பக்கத்துல உக்காருவார், கோப்பு பாக்க உக்காருவார். பதவி பெரிசாக ஆக உக்கார்றதும் அதிகம்" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாலுமிகளின் உடுப்பு முழங்காலில் தேய்ந்து வரும். இவருடையது தேய வேண்டிய இடத்தில் தேய்ந்து, நூல் முனைக்குக் கீழே நான்கு விரல் நீளத்துக்குத் தையல் விட்டு, உள்ளே நீலக் கோடு போட்ட துணி எட்டிப் பார்த்தது.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. கடையிலிருந்து அவர் நேராகத் துறைமுகத்துக்குப் போய், திரும்பி வந்திருக்கும் ஒரு கப்பலின் ஏணியில் ஏற வேண்டுமாம். கீழே நிற்கிற அத்தனை பேரும், வாத்தியக்காரர்கள் உட்பட, அண்ணாந்து பார்ப்பார்கள். நான் பெரியப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கண்ணால் காட்டினேன். அவர் பார்த்தார், உடனே கூரையைப் பார்த்தார். "நான் எதையும் பாக்கலை. நீயும் பாக்கலை. அவர்கிட்டப் போய் இதைச் சொல்றதா? கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்" என்று பல்லைக் கடித்தார். உதவி அதிகாரியிடம் காட்டினேன். "என் ரேங்குக்கு இது சரியா வராதும்மா" என்று சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய் கேப்டனுக்குப் போன் போட்டார். கேப்டன் அவருக்கு மேலிருப்பவருக்குப் போட்டார். அவர் துணைத் தளபதிக்குப் போட்டார். துணைத் தளபதி, இப்படிப்பட்ட விஷயத்தை மேலதிகாரிதான் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும், தளபதிக்குக் கடற்படையில் மேலதிகாரி கிடையாது, அதனால் வழியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாராம்.

இதற்குள் தளபதி கோட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் திரும்பினார். "எப்படி இருக்கு?" என்றார். பெரியப்பா "அளவெடுத்த மாதிரி இருக்கு சார்" என்றார், அளவெடுத்தவரே அவர்தான். உதவி அதிகாரி "பிரமாதம் சார்" என்றார். தளபதி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"நீ ஏம்மா ஒண்ணும் சொல்லலை?"

"கோட்டு நல்லா இருக்கு."

"அப்புறம்?"

"கீழதான்..."

"கீழன்னா?"

"பின்னாடி."

"பின்னாடி எங்க?"

"உக்கார்ற இடம்."

தளபதி கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினார். பிறகு உதவி அதிகாரியிடம், "இது எப்பலேர்ந்து?" என்றார். அவர் விறைப்பாக நின்று, "போன வார அணிவகுப்புலேர்ந்து சார்" என்றார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும் சார்."

தளபதி அளவு பார்க்கும் திரைக்குப் பின்னால் போய்க் கால்சட்டையை நீட்டினார். நான் உள்ளே ஒரு துணிப்பட்டை வைத்துத் தைத்து முடிக்கும்வரை நாட்டின் கடற்படை அந்தப் பூப்போட்ட திரைக்குப் பின்னாலிருந்துதான் நடந்தது. உதவி அதிகாரி திரைக்குச் சல்யூட் அடித்தார், திரையிடம் கையெழுத்து வாங்கினார். திரை இரண்டு கப்பல்களைக் கிளம்பச் சொன்னது, ஒன்றை நிற்கச் சொன்னது. பெரியப்பா பாவம், எதற்கு வணக்கம் வைப்பது என்று தெரியாமல் தையல் மிஷினுக்கு வைத்தார். போகும்போது தளபதி என்னிடம், "இந்தப் பதவிக்கு வந்ததுலேர்ந்து என்கிட்ட நிஜத்தைச் சொன்னது நீ ஒருத்திதாம்மா" என்றார். கார் நகர்ந்ததும் பெரியப்பா, "பஸ்ஸெல்லாம் வேண்டாம், இங்கேயே கிட" என்றார். ஆகவே சித்தி, எனக்குக் கூச்சம் விட்டுப்போய்விட்டது. இனி யாரிடம் வேண்டுமானாலும் பேசுவேன்.

சித்தப்பாவை மாடி ஏறவிடாதீர்கள். குட்டிக்கு என் முத்தம். உங்களுக்கு என் அன்பும் வணக்கமும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: தபாலில் போடக் கிளம்பும்போது கார் திரும்பவும் வந்துவிட்டது. மேலே கூச்சம் விட்டுப்போனதாக எழுதிய வரியை அடித்துவிட்டுப் படியுங்கள். நாளைக்குப் பேசப்போகும் உரையைத் தளபதி கையோடு கொண்டுவந்திருந்தார். இருபது பக்கம். "ஆபீஸ்ல எல்லாரும் பிரமாதம்ங்கறாங்க, அதான் உன்கிட்ட வந்தேன்" என்று சொல்லி, வெட்டுமேசை முன் உட்கார்ந்து முழுவதையும் படித்தார். பாதியிலேயே பெரியப்பா நின்றபடி தூங்கிவிட்டார். உதவி அதிகாரி கண்ணைத் திறந்துகொண்டு தூங்கினார். "எப்படிம்மா இருக்கு? எங்கயாவது தையல் விட்டிருந்தா தயங்காம சொல்லு" என்றார் தளபதி. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மேசை மேலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்து, பிடி அவர் பக்கம் இருக்கும்படி அவர் முன் வைத்தேன்.