91 மான்களும் ஒரு பலகையும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் திடீரென்று நியாயவானாகிவிட்டது. தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

"இனி இஷ்டத்துக்கு அடித்துத் தின்பதில்லை, எல்லாம் சட்டப்படி" என்று அது அறிவித்தது. சட்டம் இதுதான்: பௌர்ணமிதோறும் ஒவ்வொரு கூட்டமும் ஆற்றங்கரைக் கதவுக்கு வந்து, தன் எண்ணிக்கையைப் பலகையில் மாட்ட வேண்டும். அந்த எண்ணைச் சம வரிசைகளாகப் பிரிக்க முடிந்தால் ஒரு வரிசை சமையலறைக்கு. பிரிக்க முடியாத பகா எண்ணாக இருந்தால், கூட்டம் முழுக்கத் தண்ணீர் குடிக்கப் போகலாம். ஒற்றை வரிசை, ஆளுக்கொரு வரிசை எல்லாம் செல்லாது. சோதிக்கும் அதிகாரி நரி. வேறு யார் வருவார்கள் அந்த வேலைக்கு?

மான்கள் மொத்தம் 91. தலைவர் கொம்பையாவுக்கு ஒரே குஷி. "ரெண்டால போகாது, மூணால போகாது, அஞ்சால போகாது. நாம பகா எண்தான். நிம்மதியா நில்லுங்க" என்றார்.

அந்தக் கூட்டத்தில் மேகலை என்று ஒரு மான். கணக்கில் புலி. மானைப் புலி என்றால் அதற்கே பிடிக்காது, ஆனாலும் உண்மை அதுதான். ஏழாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில்கூடப் பதினாறு வரைக்கும் ஒப்பிக்கும்.

"பெரியப்பா, ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணு" என்றது மெதுவாக. "ஏழு வரிசை, வரிசைக்குப் பதிமூணு. கண்டுபிடிச்சா பதிமூணு பேர் காலி."

கொம்பையா குட்டிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இப்ப என்னம்மா பண்றது?"

மேகலை பலகையைப் பார்த்தது. இரண்டு ஆணி, இரண்டு இலக்கம். "இடத்தை மாத்திட்டா போச்சு. ஒன்பது பத்தாம் இடத்துல இருக்கிறதாலதான் தொண்ணூறு. ஒன்றாம் இடத்துக்கு வந்தா வெறும் ஒன்பது. பலகை பத்தொன்பதுன்னு ஆயிடும். பத்தொன்பதை எந்தக் கொம்பனாலும் வகுக்க முடியாது."

அப்படியே மாற்றி மாட்டினார்கள். நரி வந்து பார்த்தது. "பத்தொன்பது, பகா எண், போகலாம்" என்று கதவைத் திறந்தது. குட்டிகளை முன்னால் அனுப்பினார்கள். பத்தொன்பதாவது மான் நுழைந்ததும் நரி கதவைச் சாத்தியது.

"ஐயா, நாங்களும் அந்தக் கூட்டந்தான்" என்றார் வெளியே நின்ற கொம்பையா.

"பத்தொன்பது பேருன்னு நீங்கதானே மாட்டியிருக்கீங்க. அவங்க உள்ள போயாச்சு. நீங்க யாரு?"

91-ல் 19 போக 72. எழுபத்திரண்டு மான்கள் கணக்கிலேயே இல்லை.

சிங்கம் சோம்பல் முறித்தபடி வந்தது. "கணக்கில் இல்லாதவர்களைத் தின்னக் கூடாது என்று நம் சட்டத்தில் எங்காவது இருக்கிறதா?"

"ஒரு வரிகூட இல்லீங்க மகாராஜா."

ஓடலாம் என்று மான்கள் திரும்பினால், பின்னால் சிங்கத்தின் சொந்தபந்தமெல்லாம் இலை போட்டு உட்கார்ந்திருந்தது.

மேகலைக்கு அழுகை முட்டியது. தன்னால்தானே எல்லாம் என்று புலம்பியது. ஆனாலும் கணக்குப் புத்தி விடுமா?

"அண்ணே, பலகையில 91-ன்னே இருந்திருந்தா?" என்று நரியிடம் கேட்டது.

நரி விரல் விட்டுக் கணக்குப் பார்த்தது. "கடைசி இலக்கம் ஒண்ணு. அதனால ரெண்டாலயும் போகாது, அஞ்சாலயும் போகாது. ஒன்பதும் ஒண்ணும் பத்து, மூணாலயும் போகாது. பகா எண்தானே. எல்லாரையும் விட்டிருப்பேன்."

"ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணாச்சே."

"அப்படியா?" நரிக்கு நிஜமாகவே ஆச்சரியம். "எனக்கு அஞ்சாம் வாய்ப்பாடு வரைக்குந்தாம்மா தெரியும்."

நீதி: ஏழாம் வாய்ப்பாட்டைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.