தலைப்பாகை கட்டிய கறுப்பு உருண்டை

ஜோத்பூர்,
கோடை உச்சமான ஜேட் மாதம், அமாவாசைக்கு மறுநாள்.

மதிப்பிற்குரிய சோஹன்ராஜ் அத்தானுக்கு, கேவல்சந்த் கைகூப்பி எழுதுவது. அனல்காற்று நீங்கலாக இங்கே யாருக்கும் குறையில்லை. அக்காவின் முட்டிவலி இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் அனுப்பிய நாற்பது கையடக்க வெப்ப மீட்டர்களில் ஒன்றைக்கூட விற்க மாட்டேன். ஏஜென்சியைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். சைக்கிளில் தெர்மாமீட்டர் கட்டி ஊர் ஊராக விற்றவன் நான், மறுபடியும் மிதிப்பேன். போன வாரம் பாலேசர் கல்குவாரியில் இரண்டு பேர் சுருண்டு விழுந்த பிறகு, காற்றின் சூடு, ஈரம், வெயில் மூன்றையும் கலந்து கணக்கிடும் மீட்டர் முப்பத்திரண்டைத் தாண்டினால் சுத்தியலைக் கீழே வைக்கலாம் என்று முதலாளி கும்பசிங் வாக்குக் கொடுத்திருக்கிறார். எந்த மீட்டர் என்பதுதான் வழக்கு. முக்காலியில் நிற்கும் பெரியதையும் உங்கள் சின்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பினால் பெரியது முப்பது, சின்னது முப்பத்தொன்று. அதை நான் போனில் சொல்லக் கேட்டுத்தானே, சின்னதே உஷார் என்று ஊரெல்லாம் போன் போட்டீர்கள்? வெயிலின் சூட்டை வாங்கி அளக்கும் பெரியதன் கறுப்பு உருண்டைக்கு யாரோ ஈரத் தலைப்பாகை கட்டியிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். கல் உடைப்பவர்களின் தலைவி தாபு பாயிடம் கேட்டால் அவளுக்குத்தான் கோபம் வருகிறது.

"வயசான மனுசன் மாதிரி மூணு கால ஊனி வெயில்ல மொட்டைத் தலையோட நிக்குது சேட்டு. நம்ம எடத்துல அதுக்கு ஏதாச்சும் ஆனா யாருக்குக் கெட்ட பேரு?"

அவிழ்த்து அரைமணி காத்திருந்து பார்த்தேன். பெரியது முப்பத்து மூன்று, சின்னது அதே முப்பத்தொன்று. உங்கள் மீட்டரின் உருண்டை கோலிக்குண்டு அளவு, வெயிலில் சூடேறுவதற்குள் காற்று அதை ஆற்றிவிடுகிறது. மூடிய அறையில் அது யோக்கியமாக இருக்கலாம். எங்கள் காற்றில் பொய் சொல்கிறது. கும்பசிங்குக்கோ அதுதான் இனிக்கிறது.

"சின்னதுதான் நல்ல மீட்டரு. வேலை நடக்கட்டும்னு சொல்லுது பாரு."

"அப்ப அடுத்தவன் விழுந்தா சின்னதே வந்து தூக்குமா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். இனி உங்கள் கம்பெனிச் சரக்கு என் கடைக்குள் வராது.

அக்காவின் பாதங்களுக்கு நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்களுக்கு ஆசி சொல்ல எனக்கு வயது பற்றவில்லை.

கேவல்சந்த்

பி.கு.: கவரை ஒட்டும்போது கும்பசிங் வந்தார். தாபு பாய் கூட்டம் சுத்தியலைத் தூக்க மறுத்துவிட்டதால், உச்சிப்பொழுதில் நாலு மணி நேரம் குவாரிக்கு விடுமுறையாம். பக்கத்துக் குவாரிக்காரர்களும் சேர்ந்து பெரிய மீட்டர் ஆறு கேட்கிறார்கள். அதையும் செய்வது உங்கள் கம்பெனிதானே, பழைய கமிஷனில் உடனே லாரியில் ஏற்றுங்கள். சின்னது நாற்பதும் அதே லாரியில் திரும்பும். மேலே எழுதியதில் நலம் விசாரித்ததையும் அளவுகளையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துவிடவும்.